குலைக்கணக்கு எவ்வளவு தூரம் போகிறது?

பண்டார் தெங்காரா திட்டம் போட்டு எழுப்பிய ஊர். 1972இல் சட்டத்தின் வழி அமைந்த கெஜோரா, அதாவது தென்கிழக்கு ஜொகூர் மேம்பாட்டு வாரியம், காட்டைத் திருத்தி உருவாக்கிய நகரங்களில் ஒன்று. கூலாயிலிருந்து போனாலும் கோத்தா திங்கியிலிருந்து வந்தாலும் சாலையின் இருபக்கமும் செம்பனைதான் துணை வரும். நிறுவனத் தோட்டங்கள், பெல்டா நிலக் குடியேற்றங்கள், சில ஏக்கர் மட்டுமே வைத்திருக்கும் சிறுதோட்டக்காரர்கள், இவர்களை நம்பிப் பிழைக்கும் குத்தகையாளர்கள், லாரி உரிமையாளர்கள், உரக்கடைகள் என்று சுற்றுவட்டாரத்தின் வரவுசெலவில் பெரும்பகுதி இந்த ஒரு மரத்தில் தொங்குகிறது. ஒரு நிறுவனத்தின் எல்லா வேலைகளையும் ஒரே கணினி அமைப்பில் கோக்கும் மென்பொருளால் உண்மையில் எவ்வளவு ஆதாயம் என்ற கேள்வியை நகரத்து அலுவலகக் கோபுரத்தில் வைத்துக் கேட்பதைவிட இங்கே வைத்துக் கேட்பது பொருத்தம். வெட்டிய குலை 24 மணி நேரத்துக்குள் ஆலைக்குப் போய்ச் சேரவேண்டிய தொழில் இது. கணக்கு தாமதித்தால் அது எண்ணெயிலேயே தெரிந்துவிடும்.

ஒரு குலையின் கணக்கை மட்டும் பின்தொடர்ந்து பார்க்கலாம். அறுவடைக்காரர் வெட்டிய குலைகளைத் தோட்டச் சாலையோரத்தில் அடுக்கி, காம்பில் தன் எண்ணைக் குறிக்கிறார். மேற்பார்வையாளரான மண்டோர் எண்ணிப் புத்தகத்தில் எழுதுகிறார். அன்றைய கூலிக்கு அதுதான் ஆதாரம். காயாக வெட்டிய குலை இருந்தால் அதுவும் அங்கேயே பதிவாகும். லாரி ஏறும்போது ஒரு சீட்டு எழுதப்படுகிறது. ஆலை வாசலில் சுமையோடு ஒருமுறையும் இறக்கிய பிறகு வெறும் லாரியாக ஒருமுறையும் எடை போடுகிறார்கள். இறக்கும் தளத்தில் தரம் பார்ப்பவர் பழுத்தது, காய், அழுகியது, நீண்ட காம்பு என்று பிரித்து மதிப்பிடுகிறார். குலையிலிருந்து எவ்வளவு எண்ணெய் வரும் என்ற விகிதத்தை ஒட்டியே விலை முடிவாகிறது. மலேசியாவில் அந்த விகிதத்தின் சராசரி 20 விழுக்காட்டை ஒட்டி நிற்கிறது. ஒரு விழுக்காடு ஏறினாலும் இறங்கினாலும் ஆயிரம் டன் குலைக்கு 10 டன் எண்ணெய் வித்தியாசம். அந்தி சாய்வதற்குள் தோட்ட எழுத்தரான கிராணி, செக்ரோல் என்ற பதிவேட்டில் வருகையையும் கூலியையும் ஏற்றுகிறார். மாத முடிவில் ஆலையின் கட்டண அறிக்கை வருகிறது, பேரேட்டில் ஏறுகிறது, செம்பனை எண்ணெய் வாரியத்துக்கான அறிக்கை போகிறது, வரிக் கணக்கு எழுதப்படுகிறது. ஒரே குலை ஏழெட்டு இடங்களில், ஒவ்வொரு முறையும் ஒருவர் கையால், புதிதாக எழுதப்படுகிறது.

நிறுவன வளத் திட்டமிடல் மென்பொருள், சுருக்கமாக இ.ஆர்.பி., இந்த மறு எழுத்தை ஒழிப்பதற்காகப் பிறந்தது. ஜெர்மனியின் எஸ்.ஏ.பி. நிறுவனம் 1992இல் வெளியிட்ட ஆர்/3 இதை உலகெங்கும் கொண்டுபோனது. கணக்கு, கொள்முதல், கிடங்கு, உற்பத்தி, சம்பளம், விற்பனை எல்லாம் ஒரே தரவுத்தளத்தில் உட்கார்ந்திருக்கும். ஒரு செய்தி பிறந்த இடத்தில் ஒருமுறை பதிவானால், அதைத் தேவைப்படுகிற எல்லாரும் அங்கிருந்தே எடுத்துக்கொள்வார்கள். இதன் பலம் முழுவதும் இந்த ஏற்பாட்டில்தான் இருக்கிறது. ஆகவே ஒரு நிறுவனம் மென்பொருள் வைத்திருக்கிறதா என்று கேட்டால் நமக்கு ஒன்றும் தெரியவராது. பதிவான ஒரு செய்தி, மீண்டும் தட்டச்சு செய்யப்படாமல், எவ்வளவு தூரம் போய் எந்த முடிவை மாற்றுகிறது என்றுதான் கேட்கவேண்டும். ஆதாயம் அந்தத் தூரத்தைப் பொறுத்தது. பாதிப் பயன்பாடு பாதி ஆதாயத்தைத் தருவதில்லை. பெரும்பாலும் அதைவிடக் குறைவாகவே தருகிறது, சில நேரம் நஷ்டத்தையே தருகிறது.

ஏன் அப்படி என்பதைச் சாதாரணக் கணக்கே காட்டிவிடும். ஒரு நிறுவனத்தில் எட்டுப் பிரிவுகள் இருந்தால், இரண்டிரண்டாகச் சேர்க்கும்போது அவற்றுக்கிடையே 28 இணைப்புகள் வரும். நான்கு பிரிவுகளை மட்டும் மென்பொருளில் ஏற்றினால் கிடைப்பது ஆறே இணைப்புகள். பிரிவுகளில் சரிபாதியைக் கொண்டுவந்தும் இணைப்புகளில் கால்பங்குகூடத் தேறவில்லை. ஆனால் உரிமக் கட்டணம், பயிற்சி, பழைய கணக்குகளைச் சுத்தப்படுத்தி ஏற்றும் உழைப்பு ஆகியவற்றில் பெரும்பகுதி முதலிலேயே செலவாகியிருக்கும். எல்லா இணைப்புகளும் ஒரே மதிப்புடையவை அல்ல என்பதும் உண்மை. செம்பனைத் தோட்டத்தில் நிறுவை மேடைக்கும் கூலிக் கணக்குக்கும் உள்ள இணைப்பு, அலுவலகத் தளவாடப் பதிவுக்கும் விற்பனைக்கும் உள்ள இணைப்பைவிடப் பலமடங்கு பெறுமானமுள்ளது. அதனால் எந்த நான்கு பிரிவுகள் என்பது முக்கியம். ஆனாலும் எண்ணிக்கை பெருகப் பெருக ஆதாயம் அதைவிட வேகமாக ஏறும் என்ற போக்கு மாறுவதில்லை.

ஆய்வுகளும் இதையே ஒட்டி நிற்கின்றன. அமெரிக்க நிறுவனங்கள் வெளியிட்ட 116 இ.ஆர்.பி. முதலீட்டு அறிவிப்புகளை எடுத்துக்கொண்டு, அவற்றுக்குப் பங்குச் சந்தை எப்படி வினையாற்றியது என்று ரங்கநாதன், பிரவுன் என்ற இரு ஆய்வாளர்கள் 2006இல் ஆராய்ந்தார்கள். நிறுவனத்தின் மையத் தொழிலைத் தொடும் பிரிவுகளில் இரண்டையாவது எடுத்துக்கொண்டு, பல கிளைகளிலும் நிறுவிய திட்டங்களுக்குப் பங்கு விலை வழக்கத்துக்கு மேல் 3.29 விழுக்காடு ஏறியிருந்தது. குறைந்த பிரிவுகள், குறைந்த இடங்கள் என்று சுருக்கமாக ஆரம்பித்த திட்டங்களுக்கோ விலை இறங்கியிருந்தது. சுருக்கமான திட்டத்துக்குக் கிடைத்தது சிறு ஏற்றம்கூட அல்ல, இறக்கம். பங்குச் சந்தை சொல்வது எதிர்பார்ப்பைத்தானே, ஈட்டிய லாபத்தை அல்லவே என்று கேட்கலாம், நியாயமான கேள்வி. அதற்கு அரால், பிரின்யோல்ஃப்சன், வூ ஆகிய மூவரும் அதே 2006இல் முன்வைத்த ஆய்வு உதவுகிறது. மென்பொருளை வாங்கிய நாளையும் அது உண்மையில் ஓடத் தொடங்கிய நாளையும் அவர்கள் தனித்தனியே பிரித்துப் பார்த்தார்கள். நிறுவனத்தின் செயல்திறன் உயர்வு வாங்கியதோடு ஒட்டி வரவில்லை, ஓடத் தொடங்கியதோடு ஒட்டி வந்தது. பணம் கொடுத்த ரசீதுக்கு ஆதாயம் கிடையாது, பயன்பாட்டுக்குத்தான் உண்டு என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

இதோடு சேர்த்துச் சொல்லவேண்டிய கசப்பான உண்மை ஒன்று உண்டு. ஆண்ட்ரூ மெக்காஃபி 2002இல் வெளியிட்ட ஆய்வு ஒரு தொழிற்சாலையில் புதிய அமைப்பு ஓடத் தொடங்கிய பிறகான மாதங்களை நெருக்கமாகப் பார்த்தது. முதலில் நிலைமை மோசமானது. சரக்கு அனுப்பத் தாமதம் கூடியது, சொன்ன தேதியில் சேர்ப்பது குறைந்தது. பிறகு படிப்படியாகச் சீராகி, பழைய நிலையையும் தாண்டி மேலே போனது. இந்த ஆரம்பச் சரிவைப் பார்த்துப் பயந்து பாதியில் நிறுத்துகிறவர்கள் செலவையெல்லாம் செய்து முடித்துவிட்டு, ஆதாயம் தொடங்கும் இடத்துக்குச் சற்று முன்பாக இறங்கிவிடுகிறார்கள். நிறுவனங்கள் பல அரைகுறைப் பயன்பாட்டில் தேங்கி நிற்பதற்கு இது முக்கியக் காரணம் என்றே நான் நினைக்கிறேன்.

மலேசியாவில் அரைகுறைப் பயன்பாட்டுக்கு ஓர் எடுத்துக்காட்டு எல்லாருக்கும் நினைவிருக்கும். 2015 ஏப்ரல் 1ஆம் தேதி 6 விழுக்காட்டில் ஜி.எஸ்.டி. வந்தபோது, ஆண்டு விற்பனை 5 லட்சம் ரிங்கிட்டைத் தாண்டிய வணிகங்கள் பதிவுசெய்யவேண்டியிருந்தது. சிறுதொழில்கள் கணக்கு மென்பொருளைத் தேடி ஓடின. மூன்றாண்டு கழித்து, 2018 ஜூனில் வரி சுழியமாக்கப்பட்டது, செப்டம்பரில் பழைய விற்பனை, சேவை வரி திரும்பியது. மென்பொருளை வரி அறிக்கைக்காக மட்டுமே ஓட்டிய கடைக்கு அதோடு அதன் வேலை முடிந்துவிட்டது. கொள்முதல் விலை, கையிருப்பு, கடன் நிலுவை ஆகியவற்றையும் அதிலேயே நடத்திய கடைக்கு வரி போனாலும் அமைப்பு நின்றது. இரண்டு கடைகளும் கட்டிய விலை ஒன்றுதான்.

தோட்டத்துக்குத் திரும்புவோம்; ஆழமான பயன்பாடு என்றால் என்னவென்று அங்கே கண்ணால் பார்க்க முடியும். செம்பனையில் பராமரிப்புச் செலவின் பெரும்பங்கு உரம். எந்த வயல் பிரிவுக்கு எந்த உரம் எவ்வளவு என்று முடிவு செய்ய மரத்தின் 17ஆவது மட்டையிலிருந்து இலை மாதிரி எடுத்து ஆய்வுக்கு அனுப்புவது வழக்கம். அந்த ஆய்வு முடிவு ஒரு கோப்பில் இருக்கும், போட்ட உரத்தின் அளவு கிடங்குப் பதிவில் இருக்கும், அந்தப் பிரிவிலிருந்து வந்த குலையின் எடை ஆலைச் சீட்டுகளில் இருக்கும். மூன்றும் தனித்தனியே இருக்கும்வரை அடுத்த ஆண்டு உரப் பட்டியல் போன ஆண்டின் நகலாகவே இருக்கும். மூன்றும் ஒரே பிரிவு எண்ணின் கீழ் ஒரே இடத்தில் வந்தால், உரம் போட்டும் விளைச்சல் ஏறாத பிரிவு எது, குறைவாகப் போட்டும் தாக்குப்பிடிக்கும் பிரிவு எது என்று தெரிந்துவிடும். அறுவடைச் சுற்றும் அப்படித்தான். ஒரு மரத்துக்குப் பத்து முதல் பதினான்கு நாளுக்கு ஒருமுறை வரவேண்டும். ஆள் பற்றாக்குறையால் சுற்று நீண்டால் பழம் அதிகமாக உதிரும், பொறுக்காமல் விட்டால் எண்ணெய் மண்ணோடு போகும். முற்றிக் கசங்கிய பழத்தில் நொதிகள் வேலை செய்து கட்டற்ற கொழுப்பு அமிலத்தைக் கூட்டும். கச்சா செம்பனை எண்ணெய் விற்பனையில் அதற்கான வரம்பு 5 விழுக்காடு. ஆலை ஆய்வகத்தில் அமில அளவு கூடியிருக்கிறது என்ற செய்தியும் எந்தப் பிரிவில் சுற்று பதினெட்டு நாளாக நீண்டது என்ற செய்தியும் ஒன்றையொன்று சந்தித்தால், வேலை பிரித்துக்கொடுக்கும் மறுநாள் காலைப் பெரட்டிலேயே ஆள்களை இடம் மாற்றிவிடலாம். சந்திக்காவிட்டால் அது மாதக் கூட்டத்தில் பேசப்படும் பழைய கதை. மென்பொருளின் ஆதாயம் அலுவலகத்தில் கிராணிக்கு மிச்சமாகும் நேரத்தில் கொஞ்சமும், பெரட்டில் மாறும் முடிவுகளில் பெருமளவும் இருக்கிறது.

இந்த வாதத்துக்கு எதிராகச் சொல்லக்கூடியவை உண்டு. முதலாவது, நன்றாக நடக்கும் நிறுவனம்தான் மென்பொருளையும் முழுதாகப் பயன்படுத்தும், ஆகவே ஆதாயம் நிர்வாகத்தினுடையது, மென்பொருளினுடையது அல்ல என்பது. இதில் பாதி உண்மை இருக்கிறது. மேலே சொன்ன மூவர் ஆய்வே, முதல் வெற்றி கண்ட நிறுவனங்கள் மேலும் மேலும் அமைப்புகளை ஏற்றுக்கொண்டன என்று காட்டியது. பயனும் பயன்பாடும் ஒன்றையொன்று வளர்த்தன. பிரிட்டனில் இயங்கும் நிறுவனங்களை ஆராய்ந்த புளூம், சடூன், வான் ரீனன் ஆகியோர் 2012இல் வெளியிட்ட கட்டுரையில், அதே வகைக் கணினி முதலீட்டிலிருந்து அமெரிக்க உடைமை நிறுவனங்கள் அதிகப் பயன் எடுத்தன என்றும், ஆள்களை நிர்வகிக்கும் முறையே அந்த வேறுபாட்டை விளக்குகிறது என்றும் கண்டார்கள். இதையெல்லாம் ஒப்புக்கொண்டாலும் என் வாதம் உறுதிப்படவே செய்கிறது. முழுப் பயன்பாடு என்பது விசையைத் தட்டினால் வருவதல்ல. மண்டோர் தன் புத்தகத்தை விட்டுக் கைப்பேசியில் பதியவேண்டும், மேலாளர் தன் மேசையில் தனியாக வைத்திருக்கும் எக்செல் தாளைக் கைவிடவேண்டும், இரண்டு துறைகள் ஒரே வயல் பிரிவு எண்ணை ஏற்கவேண்டும். இவையே நிர்வாக மாற்றங்கள். நிர்வாகத்தை ஒருபக்கமும் மென்பொருளை மறுபக்கமும் வைத்து எது காரணம் என்று கேட்பதில் பயனில்லை.

இரண்டாவது எதிர்ப்பு கனமானது. அகலமாகக் கால்வைத்து விழுந்தவர்கள் கதை ஏராளம். அமெரிக்க இனிப்பு நிறுவனம் ஹெர்ஷி 1999 கோடையில் எஸ்.ஏ.பி.யோடு வேறு இரண்டு அமைப்புகளையும் ஒருசேர ஓடவிட்டது. கிடங்கில் சரக்கு இருந்தும், இனிப்பு மிகுதியாக விற்கும் ஹாலோவீன் பருவத்தில் கடைகளுக்கு அனுப்பமுடியாமல் தவித்தது. ஜெர்மனியின் லிடில் பேரங்காடி நிறுவனம் ஏழாண்டு உழைத்து, ஏறத்தாழ 50 கோடி யூரோ செலவான பிறகு, 2018இல் தன் எஸ்.ஏ.பி. திட்டத்தைக் கைவிட்டது. இவை அகலம் ஆபத்து என்பதைக் காட்டவில்லையா? நான் இவற்றை வேறுவிதமாகப் படிக்கிறேன். ஹெர்ஷியின் தவறு எவ்வளவு என்பதில் அல்ல, எப்போது என்பதில் இருந்தது. லிடில் கையிருப்பைக் கொள்முதல் விலையில் மதிப்பிடும் தன் பழைய வழக்கத்தை விட மறுத்து, விற்பனை விலையில் மதிப்பிடும் மென்பொருளை அதற்கேற்ப வெட்டி ஒட்டியது. அதன் நடைமுறை மென்பொருளுக்குள் வரவேயில்லை, மென்பொருள்தான் உருமாறியது. ஜொகூர்த் தோட்டக்காரருக்கு இதில் நேரடியான பாடம் உண்டு. தீபகற்பத்தில் குலை உச்சமாகக் குவிவது பெரும்பாலும் ஆகஸ்ட் முதல் அக்டோபர் வரை. மெக்காஃபி கண்ட ஆரம்பச் சரிவு அந்த மாதங்களில் வந்து விழும்படி எந்த அமைப்பையும் தொடங்கக்கூடாது. மந்தப் பருவத்தில் நிறுவை மேடை, கூலி, பேரேடு என்று ஒரு நேர்கோட்டைக் கடைசிவரை இணைத்துவிட்டு, அடுத்த கோட்டுக்குப் போவதே நல்லது. எல்லாத் துறையிலும் கால்பங்கு ஏற்றுவதைவிட ஒரு கோட்டை முழுதாக ஏற்றுவது மேல்.

மூன்றாவது கேள்வி மனிதரைப் பற்றியது, இதை நான் எளிதாகத் தாண்டிப்போக விரும்பவில்லை. தோட்டக் கணக்கு தொழிலாளியின் கைக்கு எட்டாத புத்தகமாகவே நெடுங்காலம் இருந்தது. நம் முன்னோர் பலர் தங்கள் பெயருக்கு நேரே என்ன எழுதியிருக்கிறது என்று படிக்கத் தெரியாமலே கூலி வாங்கினார்கள். இன்று அந்த இடத்தில் இந்தோனேசியாவிலிருந்தும் வங்காளதேசத்திலிருந்தும் நேப்பாளத்திலிருந்தும் வந்தவர்கள் நிற்கிறார்கள். ஒவ்வொரு குலையும் எண்ணப்படும் அமைப்பு அவர்களைக் கண்காணிக்கும் சாட்டையாக மாறமுடியும் என்ற அச்சம் ஆதாரமற்றதல்ல. ஆனால் அதே பதிவு தொழிலாளியின் பக்கமும் பேசவல்லது. 2020இல் அமெரிக்கச் சுங்கத் துறை கட்டாய உழைப்பின் அடையாளங்களைச் சுட்டி எஃப்.ஜி.வி., சைம் டார்பி பிளாண்டேஷன் ஆகிய இரு பெரும் மலேசிய நிறுவனங்களின் செம்பனை எண்ணெயைத் தடுத்து நிறுத்தியபோது, உழைப்பின் நிலைமை எண்ணெயின் விலையோடு பிணைந்தது என்பது எல்லாருக்கும் புரிந்தது. வெட்டிய குலை எத்தனை, பிடித்தம் எவ்வளவு, மிகைநேரம் எவ்வளவு, 2025 பிப்ரவரியிலிருந்து 1,700 ரிங்கிட்டான குறைந்தபட்சச் சம்பளத்தை அது எட்டியதா என்பதை அறுவடைக்காரர் தன் மொழியில் தன் கைப்பேசியில் அன்றன்றே பார்க்கமுடிந்தால், மாத முடிவில் கிராணியிடம் போய்க் கெஞ்சவேண்டியதில்லை. மண்டோரின் பதிவு தலைமையகம்வரை போய், அறுவடைக்காரரிடம் மட்டும் திரும்பி வராத அமைப்பை முழுப் பயன்பாடு என்று நான் எண்ணமாட்டேன்.

கடைசியாகச் சிறியவர்கள். பெல்டா குடியேறி ஒருவருக்குப் பொதுவாகப் பத்து ஏக்கர் செம்பனை. அவரிடம் எட்டுப் பிரிவுகள் இல்லை, 28 இணைப்புகளும் இல்லை. அவருக்கு ஒரு நோட்டுப் புத்தகமும் வாட்ஸ்அப்பும் போதும் என்றால் அது சரிதான், இ.ஆர்.பி. விற்பவர் அவர் வாசலில் நிற்கத் தேவையில்லை. ஆனால் அவர் குலையின் பயணம் அவர் வேலியோடு முடிவதில்லை. 2020 டிசம்பர் 31க்குப் பிறகு காடழித்த நிலத்தில் விளைந்த பொருளை ஏற்பதில்லை என்ற ஐரோப்பிய ஒன்றியத்தின் விதி, நடைமுறைத் தேதி ஒருமுறைக்கு மேல் தள்ளிவைக்கப்பட்டாலும், ஒவ்வொரு சரக்குக்கும் விளைந்த நிலத்தின் புவியிடக் குறிப்பைக் கேட்கிறது. 4 ஹெக்டேர் வரை ஒரு புள்ளி போதும், அதற்கு மேல் நிலத்தின் எல்லைக்கோடே வேண்டும். பத்து ஏக்கர் என்பது 4 ஹெக்டேரைச் சற்றே தாண்டுகிறது. இன்னொரு பக்கம் வருமான வரி வாரியத்தின் மின்-விலைப்பட்டியல் 2024 ஆகஸ்டில் 10 கோடி ரிங்கிட்டுக்கு மேல் விற்பனையுள்ள நிறுவனங்களில் தொடங்கி, 2025 ஜூலையில் 50 லட்சத்தைத் தாண்டியவர்களுக்கும் 2026 ஜனவரியில் 10 லட்சத்தைத் தாண்டியவர்களுக்கும் வந்துவிட்டது. ஒவ்வொரு பட்டியலிலும் 55 தரவுக் கட்டங்கள் இருக்கின்றன. அந்த அளவு விற்பனையுள்ள அறுவடைக் குத்தகையாளரும் லாரி உரிமையாளரும் இதற்குள் வந்துவிடுகிறார்கள். ஜி.எஸ்.டி. காலத்து வழியிலேயே போய், இதற்கென ஒரு தனி மென்பொருளில் மாதக் கடைசியில் உட்கார்ந்து தட்டுவதும் முடியும். நிறுவைச் சீட்டு பிறக்கும்போதே பட்டியலும் பிறக்கும்படி செய்வதும் முடியும்.

பல சிறுதோட்டங்களின் குலை, அதை வாங்கி ஆலைக்கு விற்கும் இடைவணிகரின் கிடங்கில் ஒரே குவியலாகக் கலக்கும் இடத்தில்தான் பதிவின் சங்கிலி இன்று அறுகிறது. நிறுவன மென்பொருள் ஆலை வாசலோடு நின்றுவிடுவதால் வரும் அறுப்பு இது. அதை ஒட்டினால் முதலில் லாபம் அடைவது சிறுதோட்டக்காரர் அல்லர். ஐரோப்பாவுக்கு விற்கும் சுத்திகரிப்பு ஆலையும் அதற்குக் கச்சா எண்ணெய் கொடுக்கும் ஆலையும்தான். பெரிய நிறுவனங்கள் இதை அறியாதவை அல்ல. எண்ணெய் எந்த ஆலையிலிருந்து வந்தது என்று யாரும் தேடிப் பார்க்கும் கருவியை சைம் டார்பி பிளாண்டேஷன் 2019இலேயே பொதுவில் வைத்தது. ஆலைக்குப் பின்னால் இடைவணிகர், அவருக்குப் பின்னால் பத்து ஏக்கர்க்காரர் என்று அந்தத் தடம் நீளவேண்டுமானால், இடைவணிகரின் கிடங்கில் ஒரு கைப்பேசிச் செயலிக்கும், நில எல்லையை அளந்து பதிவதற்கும், சொல்லிக்கொடுக்க ஓர் ஆளுக்கும் செலவாகும். அந்தச் செலவை ஆலைகள் ஏற்கவேண்டும். குலையின் விலையில் அதைப் பிடித்தமாகக் கழிக்கக்கூடாது. பதிந்த தரவு, தன் குலை என்ன தரம் பெற்றது, ஏன் அந்த விலை கிடைத்தது என்ற விவரத்தோடு பத்து ஏக்கர்க்காரர் கைக்குத் திரும்பவேண்டும். அப்போதுதான் அடுத்த சுற்றில் காய் வெட்டாமலிருக்க அவருக்கும் ஒரு காரணம் கிடைக்கும், ஆலையின் எண்ணெய் விகிதமும் ஏறும்.